நடந்துட்டானா?

எங்கள் ஆபீஸ் லிஃப்டில் தரைத்தளத்தில் ஏறி நான்காவது மாடி வருவதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார்: ‘‘உங்க அத்தை பையன் எப்படி இருக்கார் ஸார்? நடந்துட்டாரா?’’

வருஷக்கணக்காக இதே கேள்வி. கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ‘‘இன்னும் இல்ல ஸார்’’ என்பேன். இரண்டாவது மாடியில் ‘ச்சு’ கொட்டுவார்கள். மூன்றாவது மாடியில், ‘‘இப்பல்லாம் ஸ்டெம் செல் வந்துடுச்சாமே?’’ என்பார்கள். நான்காவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.

நானும் ஏழு வருஷம் அதே கேள்வியைத்தான் கேட்டுக் கொண்டிருந்தேன். அது தப்பான கேள்வி என்று தெரிய எனக்கு அவ்வளவு நாளாயிற்று.

2011. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று பைக்கில் கிளம்பியவன், அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு நாய்க்காக பிரேக் அடித்தான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இவன் தலைகுப்புறப் போய் விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை பிழைத்தது. கழுத்தில் ஆறாவது எலும்பு நொறுங்கிவிட்டது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயசு. பி.காம்., ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி வேலை, சனிக்கிழமையானால் சினிமா.

சுற்றி இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். ஒருவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாலு பேர் கை ஒன்று, கால் ஒன்று என்று பிடித்துத் தூக்கி, அரிசி மூட்டை மாதிரி மடக்கி ஒரு லோடு ஆட்டோவில் போட்டார்கள். நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கடந்திருந்தது. அது வரும்வரை காத்திருக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. அத்தனை பேரும் பதறிப் போய் உதவி செய்தவர்கள். குறை சொல்ல எனக்கு வாய் வராது. ‘‘அப்படித் தூக்கினதால கூடுதலா அடிபட்டிருக்குமா?’’ என்று டாக்டரிடம் கேட்டேன். ‘‘பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். இப்ப அதைக் கண்டுபிடிக்க முடியாது’’ என்றார்.

பைக் ஓட்டுகிற தம்பிகளுக்காக ஒரே ஒரு விஷயம். விழுந்தவர் கை காலை அசைக்க முடியவில்லை என்றாலோ, மரத்துப் போயிருக்கிறது என்றாலோ, நெருப்பு, தண்ணீர், லாரி மாதிரி உடனடி ஆபத்து இல்லாதவரை அவரைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொள்ளட்டும். இன்னொருவர் நூற்றியெட்டுக்கு அடிக்கட்டும். மிச்சப் பேர் வண்டிகள் ஏறிவிடாமல் பார்த்துக் கொள்ளட்டும். ஹீரோ மாதிரி தோளில் தூக்கிக் கொண்டு ஓடுவதெல்லாம் சினிமாவோடு சரி.

ஆஸ்பத்திரியில் நடந்ததில் எனக்கு மறக்க முடியாதது, என் மாமா டாக்டரிடம் போட்ட சண்டை.

மாமா டெலிபோன் டிபார்ட்மெண்டில் கேபிள் ஜாயிண்ட்டர். மவுண்ட் ரோட்டில் குழிக்குள் இறங்கி, முட்டியளவு தண்ணீரில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான பேர் உள்ள கேபிளை ஒயர் ஒயராகக் கலர் பார்த்து முடிச்சுப் போட்டவர். (பேர் என்றால் ஜோடி ஒயர். டிபார்ட்மெண்ட் பாஷை.) டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குகிற தண்டுவடம், சுண்டுவிரல் தடிமன், ஒன்றரை அடி நீளம், உள்ளே லட்சக்கணக்கான நரம்பு இழைகள், ஆறாவது எலும்பு கிட்ட நசுங்கியிருக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு மாமா சொன்னார்:

‘‘அவ்வளவுதானே ஸார்? கேபிள் ஃபால்ட். திறந்து ஜாயிண்ட் பண்ணிடுங்க. ராத்திரி மழையில நான் பண்ணியிருக்கேன். உங்களுக்கு ஏ.ஸி. ரூம் இருக்கு, லைட்டு இருக்கு. என்ன கஷ்டம்?’’

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. ‘‘உங்க ஒயர் உயிரில்லாதது. நீங்க முடிச்சுப் போட்டா கரண்ட் போகும். இது ஒவ்வொண்ணும் உயிருள்ள செல்லோட வால். அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கற துண்டு செத்துடும். மேல இருக்கறது புதுசா வளர்ந்து பழைய இடத்தைத் தேடிப் போகணும். அது போக மாட்டேங்குது’’ என்றார்.

‘‘ஏன் போக மாட்டேங்குது?’’

அந்த ‘ஏன்’தான் உலகம் முழுக்க லேப்களில் பல பேர் ஆயுளைத் தின்ற கேள்வி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரிந்துகொள்ளக் காரணம் மாமா. ‘‘நீதான் இங்கிலீஷ் படிச்சவன். என்ன கண்டுபிடிச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லு தம்பி’’ என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் படித்ததும் பி.காம்.தான். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாது. ஆனாலும் ஆபீஸ் முடிந்ததும் உட்கார்ந்து, டிக்‌ஷனரியை ஒரு பக்கம் வைத்துக் கொண்டு படித்தேன்.

எகிப்தில் கிடைத்த, மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் பழைய ஒரு வைத்தியச் சுவடியில் இந்தக் கழுத்துக் கேஸ் இருக்கிறது. கை கால் வராது, சிறுநீர் கட்டுப்படாது என்று அடையாளம் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, இது வைத்தியம் பார்க்கிற நோய் அல்ல என்று முடித்துவிட்டார் அந்த வைத்தியர். ஃபீஸ் வாங்கினாரா என்று தெரியவில்லை. ஸ்பெயினில் ரமோன் இ கஹால் என்று நரம்பு செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வரைந்த மேதை, நோபல் பரிசு வாங்கியவர், அவரும் வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை திரும்ப வளராது என்றுதான் முடிவு கட்டினார். வருங்கால விஞ்ஞானம் வேண்டுமானால் இந்தத் தீர்ப்பை மாற்றட்டும் என்று ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்.

அந்தக் கதவில் கை வைத்தவர் மான்ட்ரியாலில் ஆல்பர்ட் அக்வாயோ. 1981-ல் அவரும் சாமுவேல் டேவிடும் எலியின் காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்துத் தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி வைத்தார்கள். வளரவே வளராது என்ற இழைகள் அந்தப் பாலத்துக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன! அதாவது வண்டி ரிப்பேர் இல்லை, ரோடுதான் சரியில்லை. ஜூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப் அந்த ரோட்டில் நிற்கிற போலீஸ்காரரையே கண்டுபிடித்தார். நரம்பின் மேல் உறையில் ஒரு புரோட்டீன், ‘இதுக்கு மேல போகாதே’ என்று தடுக்கிறது. பெயரே நோகோ. (விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு.) அந்தப் போலீஸ்காரரின் கண்ணைக் கட்ட ஒரு மருந்து செய்து எலிக்குக் கொடுத்தார்கள், குரங்குக்குக் கொடுத்தார்கள், பலன் தெரிந்தது. கழுத்தில் புதிதாக அடிபட்ட மனிதர்களுக்கும் கொடுத்து 2024 டிசம்பரில் ரிசல்ட் சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் வெறும் தண்ணிக்கும் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. கொஞ்சம் அசைவு மிச்சம் இருந்தவர்களிடம் மட்டும் ஏதோ நம்பிக்கை தெரிகிறதாம். முப்பது வருஷத்துக்கு மேல் உழைப்பு. எனக்கு இன்கிரிமெண்ட் ஒரு வருஷம் தள்ளிப் போனாலே ராஜினாமா லெட்டர் டைப் அடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

இதையெல்லாம் நான் மாமாவிடம் சொல்லும்போது அவர் அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கொண்டிருப்பார்.

அந்த அலாரம் பற்றிச் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கம் படுத்தால், அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் புண் வந்துவிடும். அவனுக்கு வலிக்காது என்பதால் தெரியாது. தெரியும்போது எலும்பு வரை போயிருக்கும். முதல் உலகப் போரில் முதுகில் குண்டுபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானவர்களைக் கொண்டு போனது குண்டு இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து போன லுட்விக் குட்மன் என்கிற யூத டாக்டர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட சிப்பாய்களின் வார்டை எடுத்துக் கொண்டார். அவர் கொண்டு வந்த பெரிய வைத்தியம் எது தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடு. ராத்திரியானாலும் சரி. அவ்வளவுதான். சாகப் போகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரை வீல்சேரில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார் மனிதர். இன்றைக்கு பாராலிம்பிக்ஸ் என்று டி.வி.யில் பார்க்கிறோமே, அதற்கு விதை அதுதான்.

எங்கள் வீட்டு குட்மன் என் மாமா. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம். அத்தைக்கு மூட்டுவலி, முடியாது. ‘‘நைட் ட்யூட்டி எனக்குப் பழக்கம்’’ என்பார் மாமா. இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு புண் வந்ததில்லை. எந்தப் பத்திரிகையிலும் இந்த ஆராய்ச்சி முடிவு வெளிவரவில்லை.

2018-ல் மாமா ஒரு நாள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். வடக்கே ஒரு ஊரில் ஒரு கிளினிக். முதலில் வீல்சேரில் ஒருவர், பிறகு மியூசிக், பிறகு அதே ஆள் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார். மூன்று ஸ்டெம் செல் ஊசி, ஏழு லட்சம். மாமாவிடம் இருந்தது கூடுவாஞ்சேரி பக்கம் அரை கிரவுண்டு மனை ஒன்றுதான். பார்ட்டி பார்த்து அட்வான்ஸ் பேசிவிட்டார். ‘‘நீ ஒரு தடவை விசாரிச்சுடு தம்பி. நீ சரின்னா சரி’’ என்றார்.

கிளினிக்குக்கு போன் போட்டேன். ஒரு இனிமையான குரல்.

‘‘இது அங்கீகாரம் ஆன ட்ரீட்மெண்டா, இல்லே ட்ரையலா?’’

‘‘ட்ரீட்மெண்ட்தான் ஸார். ஆனா ட்ரையல் மாதிரி.’’

‘‘ட்ரையலுன்னா பேஷண்ட் கிட்ட காசு வாங்கக் கூடாதே?’’

‘‘இ.எம்.ஐ. வசதி இருக்கு ஸார்.’’

ஸ்டெம் செல் ஆராய்ச்சியே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜெரான் என்ற கம்பெனி, கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லில் உருவாக்கிய செல்களை 2010 அக்டோபரில் முதன்முதலாக ஒரு மனிதரின் தண்டுவடத்தில் செலுத்திப் பார்த்தது. 2011 நவம்பரில் பணம் கட்டுப்படியாகவில்லை என்று கடையைச் சாத்திவிட்டது. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் வேறு வகை ஸ்டெம் செல்லை நாலு பேருக்குக் கொடுத்து, 2025 மார்ச்சில், இரண்டு பேருக்கு முன்னேற்றம் தெரிகிறது என்று அடக்கமாகச் சொன்னார்கள். நாலு பேர்தான். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். நம் ஊரில் ஐ.சி.எம்.ஆர். 2017-ல் போட்ட விதி தெளிவாக இருந்தது: ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். காசு வாங்கிக் கொண்டு வைத்தியம் என்று செய்யக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். ‘‘வேண்டாம் மாமா.’’

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். என்னோடு எட்டு மாதம் பேசவில்லை.

யோசித்துப் பாருங்கள். எழுந்து நடமாடுகிற நான், நாற்காலியில் கிடக்கிறவனின் கடைசி நம்பிக்கையை, ஒரு விதி எண்ணைக் காட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அத்தை கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் மேலும் மேலும் படித்தபோதுதான் 2004-ல் வந்த ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர் கிம் ஆண்டர்சன். அவரும் கழுத்தில் அடிபட்டவர். அறுநூற்று எண்பத்தொரு பேரிடம், ‘உங்களுக்கு எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகமாக மாறும்?’ என்று கேட்டிருக்கிறார்.  கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதலில் கேட்டது கையும் விரலும். முதுகில், அதற்குக் கீழே அடிபட்டவர்கள் முதலில் கேட்டது எது என்பதைக் கல்யாணமான வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். ஆகாதவர்கள் இன்னும் சீக்கிரம் ஊகிப்பீர்கள். நடப்பது? இரண்டு லிஸ்டிலும் முதலில் இல்லை.

நேராக அவனிடம் போனேன். ‘‘மாப்ள, உனக்கு எது வேணும்?’’

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான்.

‘‘கட்டை விரல் மச்சான். ஒரே ஒரு கட்டை விரல் அழுத்தினா போதும். அப்பா எனக்கு டியூப் போட்டு யூரின் எடுக்கறாரு பாரு. தினம் நாலு தடவை. அதை நானே பண்ணிக்கணும்.’’

கொஞ்சம் பொறுத்து, ‘‘அப்புறம் கையெழுத்து’’ என்றான். 2013-ல் ஒரு வங்கியில், பி.காம். படித்தவனின் கையைப் பிடித்து மை தடவி கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கான பதில் ஜூரிக்கிலும் இல்லை, ஜப்பானிலும் இல்லை. வேலூரில் இருந்தது. 1940-களின் கடைசியில் அங்கே பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயால் மடங்கிப் போன கைகளில், வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டினார். அவரிடம் தொழில் கற்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டுவடம் போய், இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்த அம்மா வீல்சேரில் உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன்கள் செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் படித்துவிட்டு வந்து, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி வைத்தார். இதே நாண் மாற்றும் வித்தையை, கழுத்தில் அடிபட்டவர்களின் கைக்குக் கொண்டு போனவர் ஸ்வீடனில் எரிக் மோபெர்க்; 1975-ல் எழுதினார். நான் பார்த்துக் கொண்டிருந்ததெல்லாம் நாளைய செய்தி. இது நேற்றைய செய்தி. அதனால்தான் கண்ணில் படவில்லை.

2019-ல் மாமாவையும் அவனையும் வேலூருக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் மாமா என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. அங்கே டாக்டர் விளக்கினார். இவனுக்கு முழங்கையை மடக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் நன்றாக இருக்கின்றன. அதில் ஒன்றின் நாணைக் கழற்றிக் கட்டை விரலோடு இணைத்தால், கட்டை விரல் வந்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தும். சாவியைப் பிடிக்கிற மாதிரி. ஆஸ்திரேலியாவில் தசைக்குப் பதில் நரம்பையே மாற்றி இணைத்து அந்த வருஷம் ரிசல்ட் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதை அடிபட்ட கொஞ்ச காலத்துக்குள் செய்தால்தான் நல்லது. இவனுக்கு நாண்தான் சரி.

மாமா எழுந்து நின்றுவிட்டார். ‘‘ஃபால்ட் இருக்கற இடத்தைத் தொடாம, ஸ்பேர் பேர்ல மாத்தி விடறீங்க!’’ என்றார். ‘‘இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே தம்பி!’’

எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை, திட்டு.

ஆபரேஷன், ஒரு மாதம் கட்டு, பிறகு பல மாதப் பயிற்சி. முழங்கையை மடக்க நினைத்தால் கட்டை விரல் அசைந்தது. எது எதற்கு என்று மூளை கற்றுக் கொள்ள நேரம் பிடித்தது. முதலில் ஸ்பூன், பிறகு பேனா. கடைசியில் அந்த டியூப். ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1972-ல் சொன்னது: கிருமியே இல்லாத ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவின கை போதும், வேளாவேளைக்கு முழுசாகக் காலி செய்வதுதான் முக்கியம். அன்றைய டாக்டர்கள் பதறிய அந்த வழக்கம்தான் இன்றைக்கு உலகம் முழுக்க எத்தனையோ கிட்னிகளைக் காப்பாற்றி வருகிறது. முதல் தடவை தானாகவே செய்து முடித்த அன்று, அவன் மாமாவை ரூமை விட்டு வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக் கொண்டான். மாமா வராந்தாவில் நின்று பக்கத்து வீட்டு மாமரத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

2023 மே மாதம் அவன் எனக்கு ஒரு வீடியோ காட்டினான். நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஓஸ்காம். சீனாவில் சைக்கிள் விபத்தில் கழுத்தில் அடி. வருஷம்? இவன் விழுந்த அதே 2011. ஸ்விட்சர்லாந்தில் க்ரெகுவார் கோர்டின், ஜோஸ்லின் ப்ளோக் குழுவினர், மூளை மேல் ஒரு கருவி, தண்டுவடத்தின் மேல் ஒரு கருவி வைத்து, நினைப்பை ஒயர் இல்லாமல் கீழே கடத்துகிறார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறார் மனிதர்.

மாமா எட்டிப் பார்த்தார். ‘‘கேபிள் போச்சுன்னா மைக்ரோவேவ் லிங்க். நாங்க அப்பவே பண்ணினோம்’’ என்றார்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். இரண்டு மணி அலாரத்துக்கு நானே எழுந்து அவனைப் புரட்டினேன். இருட்டில் கேட்டான்: ‘‘மச்சான், அன்னிக்கு அந்த ஊசி போட்டிருந்தா?’’

‘‘ஒண்ணும் ஆகியிருக்காதுடா.’’

‘‘தெரியும். சும்மா கேட்டேன்.’’

தூங்கிவிட்டான். நான் நாலு மணி வரை தூங்கவில்லை.

போன மாதம் அவனுக்கு வங்கியில் கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. நான் லீவு போட்டுக் கூடப் போனேன். வாசலில் இரண்டு படி. செக்யூரிட்டியும் நானுமாக நாற்காலியைத் தூக்கினோம். அவன் பேனாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செருகி, மெதுவாக, நாக்கைக் கடித்துக் கொண்டு, முழுப் பெயரையும் போட்டான். கவுண்ட்டரில் இருந்த பெண் அதைக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

‘‘ஸார், ஸிக்னேச்சர் டிஃபர் ஆகுது. 2009-ல குடுத்த மாதிரி இல்லையே.’’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். இவன் என் கையைத் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

‘‘ஆமா மேடம், மாறிடுச்சு. புது ஃபாரம் குடுங்க.’’

‘‘மூணு இடத்துல போடணும் ஸார். பரவாயில்லையா?’’

‘‘குடுங்க மேடம்’’ என்று பேனாவைச் சரியாகச் செருகிக் கொண்டான். பின்னால் க்யூவில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்துக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று.